எடை குறைந்த பலகையை எதைக் கொண்டு இணைப்பது: திருகா, குச்சியா, காடியா?

பவுலோனியா மரப் பலகையில் முதன்முதலாக ஒரு அலமாரி செய்தபோது, பக்கப் பலகை வழியாகத் தட்டின் முனைக்குள் நேராகத் திருகை இறக்கினேன். இறங்குவதில் சிரமமே இல்லை. ஆனால் கை உணர வேண்டிய அந்த இறுக்கம் வரவில்லை. கால் சுற்று கூடுதலாகத் திருப்பியதும் திருகு சும்மா சுழல ஆரம்பித்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் மரை முழுக்க மரநார், திரித்த பஞ்சு மாதிரி சுற்றியிருந்தது. துளைக்குள் கவ்விப் பிடிக்க எதுவும் மிச்சமில்லை.

திருகில் குறை இல்லை. தேக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ இருக்கும். பவுலோனியா 280 கிலோ அளவில்தான் நிற்கும், பால்சா அதிலும் பாதி. எடை குறைவு என்றால் உள்ளே மரம் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். எந்த ஆணியும் திருகும் பிடிப்பது மரத்தைத்தானே தவிர காற்றை இல்லை. அதனால் மெல்லிய, லேசான பலகைகளுக்கு இணைப்பு தேடும்போது எந்த இணைப்பு உறுதியானது என்று நான் கேட்பதில்லை. பாரத்தை எது எவ்வளவு பரப்பில் பிரித்துக் கொடுக்கிறது என்றுதான் பார்க்கிறேன். இந்தக் கண்ணோடு பார்த்தால் வழக்கமான வரிசை தலைகீழாக மாறிவிடும்.

பக்கத்தோடு பக்கம் சேர்ப்பது

இரண்டு குறுகலான பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து அகலமாக்குவது சுலபமான வேலை. இதில் மரநார் இரண்டு பலகையிலும் ஒரே திசையில் ஓடுகிறது, பசை அதில் நன்றாகப் பிடிக்கும். விளிம்பை இழைப்புளியால் ஒளி புகாத அளவுக்கு நேராக்கி, பிவிஏ எனும் வெள்ளை மரப்பசை தடவி, கிளாம்ப் (பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டால் போதும். முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். பிறகு உடைத்துப் பார்த்தால் பசைக்கோடு உடையாது, பக்கத்து மரம்தான் கிழியும். லேசான மரத்தில் இது இன்னும் உறுதியாக நடக்கும்.

அப்படியென்றால் பிஸ்கட்டும் (இரண்டு பலகையின் பள்ளத்திலும் சொருகும் தட்டை மரத்துண்டு) மரக்குச்சியும் இங்கே எதற்கு? பலகைகள் மேலும் கீழும் நகராமல் ஒரே மட்டத்தில் நிற்பதற்கு மட்டும். பலத்துக்காக என்று நினைத்து வரிசையாகத் துளை போட்டால் நேரம்தான் போகும்.

ஒரே எச்சரிக்கை, கிளாம்பை வெறிகொண்டு முறுக்காதீர்கள். மிருதுவான மரத்தின் விளிம்பு நசுங்கிப் போகும். கிளாம்பின் வாய்க்கும் பலகைக்கும் நடுவே ஒரு துண்டுக் கட்டையை வைத்துவிடுங்கள். மணிமணியாகப் பசை கோடு முழுக்க எட்டிப் பார்த்தால் அந்த அழுத்தம் சரி.

மூலையும் தட்டும்: இங்கேதான் போட்டி

ஒரு பலகையின் முனை இன்னொன்றின் முகத்தில் வந்து முட்டும் இடம்தான் சிக்கல். வெட்டிய முனை என்பது ஒரு கட்டு உறிஞ்சுகுழல்களின் வாய் மாதிரி. தடவிய பசையை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும், இணைப்பில் பசை மிஞ்சாது. முதலில் ஒரு பூச்சு கொடுத்து, சில நிமிடம் ஊறவிட்டு, மேலே இரண்டாவது பூச்சு கொடுத்தால் கொஞ்சம் தேறும். ஆனாலும் பசையை மட்டும் நம்பி அலமாரி செய்ய முடியாது.

இந்த இடத்துக்கு என் முதல் ஓட்டு காடிக்குத்தான். பக்கப் பலகையின் முகத்தில் தட்டின் தடிமனுக்குச் சரியாக ஒரு பள்ளம் எடுத்து, தட்டை அதில் உட்காரவைப்பது. 18 மில்லிமீட்டர் பலகையில் 6 மில்லிமீட்டர் ஆழம் போதும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. தட்டின் பாரம் முழுவதையும் அந்தப் பள்ளத்தின் கீழ் விளிம்பு, பலகையின் அகலம் முழுக்கத் தாங்குகிறது. நான்கு திருகு நான்கு புள்ளியில் சுமக்கும் பாரம் இங்கே ஒரு நீண்ட கோட்டில் பரவிவிடுகிறது. பசைக்கும் மூன்று பக்கம் கிடைக்கிறது. பள்ளம் எடுக்கும் ரூட்டர் இயந்திரம் இல்லாதவர்கள் ரம்பத்தால் இரண்டு கோடு அறுத்து, நடுவே இருப்பதை உளியால் எடுத்துவிடலாம். லேசான மரம் என்பதால் உளி வேலை விரைவாக முடியும், ஆனால் உளி சவரக்கத்தி போல் இருக்க வேண்டும். மழுங்கிய உளி மிருதுவான நாரை வெட்டாது, நசுக்கிக் கிழிக்கும்.

காடியின் குறை அளவில் இருக்கிறது. 18 என்று விற்கும் ப்ளைவுட் உண்மையில் கால், அரை மில்லிமீட்டர் குறைவாக இருப்பது சாதாரணம். டேப்பைப் பார்த்துக் காடி எடுத்தால் தட்டு உள்ளே ஆடும். பலகையையே பள்ளத்தின் மேல் நிறுத்தி, கூர்முனையால் கோடு கீறி எடுங்கள். கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும். கொட்டாப்புளியால் அடித்தால்தான் போகிறது என்றால் லேசான பலகை பிளந்துவிடும்.

மரக்குச்சி, அதாவது டோவல், இரண்டாம் இடம். குச்சியின் விட்டம் பலகைத் தடிமனில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதிக்குள் இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் பலகைக்கு 6, 18க்கு 8. பாரத்தைப் பரப்புவதில் திருகைவிட இது மேல், ஏனென்றால் குச்சியின் சுற்றுப்புறம் முழுவதிலும் பசை பிடிக்கிறது. ஆனால் ஒரு துளை அரை மில்லிமீட்டர் தப்பினாலும் பலகை சேராது, வழிகாட்டிக் கட்டை இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இன்னொன்று, துளைக்குள் பசையை நிரப்பிவிட்டுக் குச்சியை அடித்தால் பசைக்கு வெளியேற வழி இருக்காது. அந்த அழுத்தம் மெல்லிய பலகையின் முகத்தையே வீங்கவைத்துப் பிளக்கும். வரிவரியாகக் கோடு போட்ட குச்சியை வாங்குங்கள், துளையை 2 மில்லிமீட்டர் கூடுதல் ஆழம் போடுங்கள்.

பிஸ்கட் வேலை வேகமானது, பக்கவாட்டில் சற்று நகர்த்திச் சரிசெய்யவும் இடம் கொடுக்கும். அழுத்திய பீச் மரத்துண்டு அது, தண்ணீர் கலந்த பசை பட்டதும் பள்ளத்துக்குள் உப்பி இறுகுகிறது. இதே குணம்தான் மெல்லிய பலகையில் எதிரியாகிறது. பிஸ்கட்டின் தடிமன் 4 மில்லிமீட்டர். 9 மில்லிமீட்டர் பலகையில் மேலும் கீழும் இரண்டரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும், உப்பியதும் பிஸ்கட்டின் வடிவம் மேலே தெரியும். ஈரம் காயும் முன் தேய்த்துச் சமன்படுத்தினால், காய்ந்த பிறகு அதே இடம் குழிந்து நிற்கும். 15 மில்லிமீட்டருக்குக் கீழே நான் பிஸ்கட்டைத் தொடுவதில்லை.

பாக்கெட் திருகை, அதாவது சாய்வான துளை வழியாக இறக்கும் திருகை, பலரும் புகழ்கிறார்கள். 15 டிகிரி சாய்வில் துளை, 18 மில்லிமீட்டர் பலகைக்கு 32 மில்லிமீட்டர் திருகு, கிளாம்ப் போட்டுப் பசை காயக் காத்திருக்க வேண்டாம். கனமான ப்ளைவுட்டில் நானும் பயன்படுத்துகிறேன். லேசான பலகையில் திருகின் தட்டையான தலை உட்கார்ந்திருக்கும் மெல்லிய படி நசுங்கிவிடுகிறது. பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் அகலமான மரை உள்ள திருகு, கூடவே பசை, கடைசிச் சுற்றுகள் கையால். பசை காயும்வரை பிடித்துக்கொள்ளும் கிளாம்பாக மட்டும் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றி மாட்ட வேண்டிய பொருள் என்றால் மினிஃபிக்ஸ் வகைதான் வழி: ஒரு பலகையின் குழியில் உட்காரும் வட்டப் பூட்டு, எதிர்ப் பலகையிலிருந்து வரும் போல்ட்டை இழுத்து இறுக்கும். அதற்கு 15 மில்லிமீட்டர் விட்டத்தில் குழி வேண்டும், 18 மில்லிமீட்டர் பலகையில் ஆழம் 13, 14 போய்விடும். மிஞ்சுவது நான்கைந்து மில்லிமீட்டர் தோல். எதிர்ப் பலகையில் போல்ட் மரத்தில் நேரடியாக மரை பிடிக்காமல், எபாக்ஸி பசை வைத்த உலோக மரைக்குழல் ஒன்றைப் பதித்துவிட்டால் இரண்டு மூன்று முறை கழற்றினாலும் தாங்கும்.

அப்புறம், எல்லாரும் மட்டமாக நினைக்கும் ஒரு வழி இருக்கிறது. மூலையின் உட்பக்கம் 20க்கு 20 மில்லிமீட்டர் ரீப்பர் (சதுர மரச்சட்டம்) ஒன்றைப் பசை வைத்து ஒட்டுவது. இரண்டு பலகையின் முகத்தையும் அது பிடிக்கிறது, வெட்டுமுனையை நம்பவே வேண்டாம். திருகு தேவைப்பட்டாலும் கெட்டியான ரீப்பரில் கடிக்கும். 6 மில்லிமீட்டர் ப்ளைவுட்டுக்கு இதைவிட நல்ல இணைப்பை நான் பார்த்ததில்லை. அகலமான திடமரப் பலகையின் நாருக்குக் குறுக்கே மட்டும் முழு நீளத்துக்கும் பசை வைக்காதீர்கள். மரம் அகலவாக்கில் சுருங்கி விரியும், ரீப்பர் நீளவாக்கில் அசையாது, நடுவே பலகை வெடிக்கும்.

தேன்கூட்டுப் பலகை தனி ஜாதி. மேலும் கீழும் மெல்லிய தகடு, உள்ளே காகிதக் கூடு. மேலே சொன்ன எதுவும் இதில் நேரடியாக நிற்காது. விளிம்பில் காகிதத்தைச் சுரண்டி எடுத்து, அந்த இடைவெளிக்குச் சரியான சட்டத்தைப் பசை வைத்துச் சொருகுங்கள். இனி அந்தச் சட்டம்தான் உங்கள் பலகை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதே பலகையின் வெட்டுத்துண்டு இரண்டை அதே முறையில் இணைத்து, ஒரு நாள் காயவிட்டு, கையால் உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் அந்த இணைப்பை நம்பிப் பெரிய வேலையைத் தொடங்கலாம். வழவழவென்று பசைப்படலம் மட்டும் பளபளத்தால் பசை மரத்தில் ஊறும் முன்பே உலர்ந்திருக்கிறது, அல்லது பரப்பில் தூசு இருந்திருக்கிறது. தூசு தட்டி, பசை தடவியவுடன் தாமதிக்காமல் சேர்த்து, இன்னொரு துண்டில் மறுபடியும் பாருங்கள்.