அகத்தி, கிளைரிசிடியா, சவுண்டல்: கோடையில் வெட்டத் தாங்கும் மரம் எது?

வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்ந்தால், வடசென்னையில் மண் நன்றாக நனையும் அடுத்த மழைக்கு ஆடி வரை காத்திருக்க வேண்டும். மணலி புதுநகரை ஒட்டிய எங்கள் இருபது சென்ட் நிலத்தில் இரண்டு கறவை மாடுகளும் ஆறு வெள்ளாடுகளும் இருக்கின்றன. தீவனப்புல் போட்டால் அது விடாமல் தண்ணீர் கேட்கும். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரிலோ கடல்நீர் ஏறி, எங்கள் போர் தண்ணீர் பங்குனிக்கு மேல் மாடே முகம் சுளிக்கும் அளவுக்கு உப்பாகிவிடுகிறது. மரத்தீவனத்தை, அதாவது மரத்தின் தழையை வெட்டித் தீவனமாகப் போடுவதை, நாடியது அதனால்தான். 2015 முதல் மூன்று மரங்களையும் வைத்துப் பார்த்தபின், இப்போது சவுண்டல் பக்கம் சாய்ந்திருக்கிறேன்; சூபாபுல் என்றால் பலருக்கு எளிதில் விளங்கும்.

சத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மூன்றும் பயறு வகைக் குடும்பத்து மரங்கள். இலையின் காய்ந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ புரதம் இருக்கிறது. நெல் வைக்கோலில் அது மூன்று, நான்கு சதவீதத்தோடு நின்றுவிடும். ஆகவே எதை வைத்தாலும் வைக்கோலுக்கு நல்ல துணைதான். தேர்வைத் தீர்மானிப்பது, அரிவாள் பட்ட பிறகு அந்த மரம் என்ன செய்கிறது என்பதே.

அகத்தி விதைத்த ஓராண்டுக்குள் தலைக்கு மேல் வளர்ந்துவிடும். தண்ணீர் தேங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். மாடுகளும் விரும்பித் தின்னும். ஆனால் தலையை வெட்டினால் பெரும்பாலும் மீண்டும் துளிர்க்காது. பக்கக் கிளைகளை மட்டும் கழித்துக்கொண்டே போனால், மரம் உயர்ந்து, பிறகு தொரட்டியும் ஏணியும் இல்லாமல் இலை எட்டாது. தண்டும் மென்மையானது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்து ஓய்ந்தபோது, எங்கள் முப்பது அகத்திகளில் நிமிர்ந்து நின்றவை நான்கு. விற்பனை என்று பார்த்தால் மட்டும் இதற்கே முதலிடம்: அமாவாசையன்று பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கட்டு தேடுவோர் ஏராளம், சவுண்டல் தழையை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் வேலியோரம் கிளைரிசிடியா போத்துகளை, அதாவது வெட்டிய கிளைத்துண்டுகளை, ஊன்றினேன். இதைவிட எளிதாக வேர் பிடிக்கும் மரத்தை நான் கண்டதில்லை. முதலில் ஆடுகள் அதன் வாசனையை முகர்ந்துவிட்டுத் தும்மிக்கொண்டு விலகின. இரவு முழுவதும் வாடவிட்டுக் காலையில் வைத்தபோது, ஒரு வாரத்தில் பழகிக்கொண்டன. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மழை முடியும் தறுவாயில் வெட்டிவிடாவிட்டால், இந்த மரம் தை, மாசியில் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கத் தொடங்கும். 2019 மாசியில் வேலி முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றது. வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், ஆடுகளுக்கோ தழை இல்லை. மார்கழியில் தவறாமல் கவாத்து செய்பவருக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

புழல் ஏரி வற்றி வெடித்துக் கிடந்த அதே ஆண்டு ஜூனில், கிளைரிசிடியாவோடு சேர்த்து விதைத்திருந்த சவுண்டல் வரிசை பச்சையாகவே நின்றது. கொதித்து இறக்கிய நீரில் விதையை இரவு முழுவதும் ஊறவைத்து விதைத்தோம். தண்டு கட்டைவிரலைவிடத் தடிக்கும் வரை அரிவாள் படவிடவில்லை. அதன் பிறகு மூன்றடி உயரத்தில் வெட்ட வெட்ட, வெட்டுவாயைச் சுற்றிக் கொத்தாகக் கொழுந்து வருகிறது. மழைக்காலத்தில் ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறையும், கோடையில் எழுபது, எண்பது நாளுக்கு ஒருமுறையும் வெட்டுகிறோம். வரிசையை மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி வெட்டுவதால், ஏதாவது ஒரு பகுதியில் எப்போதும் தழை இருக்கிறது. ஏணி வேண்டாம், ஆள் வேண்டாம். அறுபதைக் கடந்த என் அம்மாவே நின்றபடி வெட்டிவிடுகிறார். மிகுந்த தழையைத் தார்ப்பாயில் காயவைத்து உதறினால், சிற்றிலைகள் தாமாக உதிர்ந்துவிடும். கோணியில் கட்டி வைத்துத் தவிட்டோடு கலக்கலாம்.

இதிலும் இரண்டு தொல்லைகள் உண்டு. இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. அளவு மீறினால் முடி உதிரும், தைராய்டு வீங்கும். ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் இந்த நச்சை உடைக்கும் பாக்டீரியா இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கண்டறிந்தார். எங்கள் ஆடுகளுக்கு அந்தக் கொடுப்பினை உண்டா என்று சோதித்துப் பார்த்ததில்லை என்பதால், தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைப்பதில்லை. இரண்டாவது தொல்லை விதை: ஒரு சுற்று வெட்டத் தவறினால் காய் முற்றி வெடித்து, பக்கத்து மனையிலெல்லாம் கன்றுகள் முளைத்துவிடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் சவுண்டலும் இருக்கிறது. பூ வெளுத்துக் காயாகும் முன் வெட்டிவிட வேண்டும். அதைச் செய்ய முடியாதவர்கள் கிளைரிசிடியாவே வைத்துக்கொள்ளலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் நின்ற பள்ளப் பகுதியில் சவுண்டல் மஞ்சளித்துப் பாதி பட்டுப்போனது. மேட்டு வரப்பில் இருந்தவை தப்பின. என் அனுபவம் இந்த ஒரு துண்டு நிலத்தோடு சரி; எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய கடும் உப்பு மண்ணுக்கு இது பொருந்தும் என்று உறுதி கூற மாட்டேன். பட்டுப்போன அந்தப் பள்ளத்தில் இந்த ஐப்பசியில் மீண்டும் அகத்தி விதைக்கிறோம், அமாவாசைக் கட்டுக்காக.