நோட்டாவா, எதிர்க்கட்சிக்கு வாக்கா?

செஸ், சர்சார்ஜ் என்னும் கூடுதல் வரிகளின் வருவாயை மாநிலங்களுடன் பகிராத ஒன்றிய பட்ஜெட் மீதும், 1974-இல் நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றிக் கச்சத்தீவு இலங்கைக்குக் கைமாறியதைப் போல இன்றும் அரசே தனித்து ஒப்பந்தங்களை முடிக்கும் வெளியுறவுக் கொள்கை மீதும் எனக்குள்ள கோபத்தை எந்தப் பொத்தானில் பதிவு செய்வது?

2013 முதல் வேட்பாளர் வரிசையின் கடைசியில் இருக்கும் நோட்டா, அதாவது ‘இவர்களில் யாருமில்லை’ என்னும் பொத்தான், மனச்சாட்சிக்கு நேர்மையானதுதான். ஆனால் மக்களவைத் தேர்தலில் அதுவே அதிக வாக்குகளைப் பெற்றாலும், வேட்பாளர்களில் முந்தியவரே வென்றதாக அறிவிக்கப்படுவார்.

எதிர்க்கட்சி வேட்பாளரின் கொள்கைகள் அனைத்திலும் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் என் விரல் அவர் பக்கமே செல்கிறது. ஏனெனில், அவர் வென்றால் அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் மானியக் கோரிக்கைகளின் மீது, அத்தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். படகுகளைப் பறிகொடுத்த மீனவர்களுக்காகக் கேள்வி நேரத்தில் வெளியுறவு அமைச்சரிடம் பதில் கோரலாம்.