ஒழுகியது ஒயில், கழற்றியது அக்சில், போனது 185,000 ரூபா

பிக்கப் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து உறவுகளே, அதிலும் நான்கு சில்லும் இழுக்கும் பழைய டபுள் கெப்பைத் தோட்டத்துக்குள் இறக்குகிறவர்களே, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எழுதுகிற எனக்குத்தான் பொறுமை இல்லை. முன் அக்சில் (சில்லைச் சுழற்றும் தண்டு) பக்கம் ஒழுகுகிறது என்று ஒரு கராஜுக்குப் போனேன். 185,000 ரூபாவை வாங்கிக்கொண்டு, ஒழுக்கை அப்படியே விட்டுவிட்டு, நன்றாக இருந்த சாமானையும் கழற்றி எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

கராஜின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். நகரத்துக்கு வெளியே பிரதான வீதியோரம், முன்னால் சாமான் கடை, பின்னால் கராஜ், முகநூலில் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் சாவியைக் கையில் வாங்கிச் சிரிக்கும் வாடிக்கையாளர் படங்கள். அந்த வகை இடம்.

என் வண்டி கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணில் உழைக்கிற வண்டி. மழைக்காலத்தில் உரமூட்டையோடு வரம்புவரை போகும், மரக்கறியோடு திருநெல்வேலிச் சந்தைக்கு வரும். இந்த முறை மழை விட்ட பிறகு கழுவும்போது முன் இடது சில்லுக்கு உட்பக்கம் கருப்பாக ஈரம் படிந்திருந்தது. சத்தம் எதுவும் இல்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பினாலும் ஒரு முனகல்கூடக் கிடையாது. ஒழுக்கு மட்டும்தான். சிறிய வேலையாக இருக்கும்போதே பார்த்துவிடுவோம் என்று கொண்டுபோனேன்.

முதலாளி வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வண்டியை ஜக்கில் ஏற்றச் சொல்லிவிட்டுத் தானே கீழே குனிந்தார். அக்சிலின் ஜொயின்டை (தண்டு மடங்கிச் சுற்ற விடும் மூட்டை) மூடியிருக்கும் ரப்பர் உறையில் சுட்டுவிரலை ஓட்டி எடுத்து, அந்தக் கருப்பு விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்கள் அண்ணை, ஜொயின்ட் முடிந்துவிட்டது. இதோடு ஏ-9இல் ஏறினால் சில்லு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்." பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

பிறகு பிளேன்ரீ வந்தது. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். தன் தாயாரின் தமக்கை எங்கள் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டவர் என்றார். எங்கள் பிள்ளையார் கோயில் தேருக்குச் சிறுவயதில் வந்ததையும் சொன்னார். (தேர் எந்த மாதம் என்று கேட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.) "உங்களிடம் உழைத்து நான் மாடி கட்டப்போகிறேனா அண்ணை? வெளியே என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்பார்கள். நான் ஜப்பான் சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளிலிருந்து இரவு பஸ்ஸில் எடுத்துத் தருகிறேன்." கைத்தொலைபேசியில் பெட்டியோடு பளபளக்கும் அக்சில் படமும் காட்டினார். ஒரு பக்கம்தானே ஒழுகுகிறது என்றேன். ஜோடியாகத்தான் மாற்றவேண்டும் என்றார். சாமானுக்கு 150,000, கூலிக்கும் கிறீஸ், ஒயிலுக்கும் 35,000. மொத்தம் 185,000 ரூபா, சாமான் காசு முற்பணம்.

முற்பணம் கைமாறியபோது அவர் தந்த துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கம்: "முன் அக்சில் 2, பெற்றது 150,000." கடையின் பெயர் இல்லை, முத்திரை இல்லை, திகதி இல்லை. கையெழுத்து என்று ஒரு சுழி. முழுக் கணக்கையும் வேலை முடிந்ததும் ஒன்றாக எழுதித் தருகிறேன் என்றார். வேலை முடிந்த அன்று பற்றுச்சீட்டுப் புத்தகம் முடிந்திருந்தது.

வண்டி வந்தது. மறுநாள் காலை சீமெந்துத் தரையில் அதே இடத்துக்கு நேர்கீழே சொட்டு. முன்பைவிடப் பெரிய சொட்டு. போதாக்குறைக்குப் படலையால் திருப்பி வெளியே எடுக்கும்போது வலது பக்கத்திலிருந்து டக், டக், டக் என்று ஒரு புதுச் சத்தம். 185,000 ரூபா கொடுத்து வாங்கிய சத்தம்.

அழைத்தேன். புதுச் சாமான் முதலில் கொஞ்சம் கசியும், ஓடி ஓடிச் சரிவரும் என்றார்கள். ஓடினேன், சரிவரவில்லை. பொடியன் கிளிப்பைச் சரியாக இறுக்கவில்லை போலிருக்கிறது, கொண்டுவாருங்கள் என்றார்கள். கொண்டுபோனால் பொடியன் லீவு. அடுத்த முறை முதலாளி கொழும்பு போய்விட்டார் என்றான் வாசலில் நின்றவன். உள்ளே அவர் யாருக்கோ விலை சொல்லும் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒருவழியாக ஆளைப் பிடித்தபோது, உத்தரவாதம் சாமானுக்குத்தான், பூட்டிய வேலைக்கு இல்லை என்றார். சாமானில்தான் சத்தம் என்றேன். சாமான் கொழும்புக்காரருடையது, அவர்களிடம் கேட்க வேண்டும் என்றார். அவர்களின் இலக்கத்தைத் தாருங்கள் என்றேன். அது வியாபார இரகசியமாம்! முகநூல் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன். அன்று மாலையே அதை அழித்து என்னையும் தடுத்துவிட்டார்கள்.

பிறகுதான் சுன்னாகத்தில் பழைய லொறிகளோடு காலம் கழித்த ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் விலையும் சொல்லவில்லை, விரலையும் நீட்டவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் அக்சில் முழுவதையும், இரண்டு சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷியல் பெட்டியோடு சேர்த்துத் துடைத்துக் காயவிட்டார். ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வாருங்கள் என்றார். பண்ணைப் பாலம்வரை போய்த் திரும்பினேன். கீழே குனிந்தவர் என்னையும் குனியச் சொன்னார். துடைத்த இடத்தில் ஈரம் தொடங்குவது ரப்பர் உறையில் இல்லை. அக்சில் டிபரன்ஷியலுக்குள் நுழைகிற விளிம்பில். அங்கிருந்து கசிந்து, சுற்றும் ஜொயின்டின் மேல் பட்டு, நாலாபுறமும் தெறிக்கிறது.

தொட்டுப் பாருங்கள் என்றார். தண்ணீர் மாதிரி ஓடியது, மூக்கில் கந்தக நெடி அடித்தது. கியர் ஒயில். ரப்பர் உறைக்குள் இருக்கும் அந்த மூட்டுக்கு சி.வி. ஜொயின்ட் என்று பெயர்; அதற்குள் இருப்பது கரிய மொலிப்டினம் கிறீஸ். அது தடிப்பானது, உறை கிழிந்தால் கட்டியாகத் தெறித்து ஒட்டிக்கொள்ளுமே தவிர இப்படித் தரையில் சொட்டுப் போடாது. சில்லுப் பக்கத்து உறை கிழிந்திருந்தால் றிம்மின் உட்புறத்தில் கிறீஸ் வட்டமாக அடித்திருக்கும். என் றிம்மில் ஒரு புள்ளி இல்லை. சத்தத்துக்கும் கணக்கு இருக்கிறதாம்: ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்றால் சில்லுப் பக்கத்துக் குண்டு ஜொயின்ட் தேய்ந்திருக்கிறது, நேராகப் போய் வேகம் எடுக்கும்போது உதறினால் உள்பக்கத்து ஜொயின்ட். கராஜுக்குப் போன அன்று என் வண்டியில் இந்த இரண்டில் ஒன்றும் இருக்கவில்லை.

அப்படியென்றால் ஒயில் ஏன் வெளியே வந்தது? டிபரன்ஷியல் பெட்டிக்கு மேலே பிறீதர் என்று ஒரு சின்ன மூச்சுத்துளை இருக்கிறது. ஓட ஓடப் பெட்டி சூடேறும், உள்ளே காற்று விரியும், அந்தத் துளையால் வெளியேறும். என் வண்டியில் அது செம்மண் இறுகி அடைத்துக் கிடந்தது. மூடி இறுகிய பானை பொங்குவதுபோல, காற்றுக்கு வழி இல்லாமல், அக்சில் நுழைகிற விளிம்பில் ஒயிலை மறித்து நிற்கும் வளையமான சீலின் ஓரத்தால் ஒயிலைத் தள்ளியிருக்கிறது. பெரியவர் பிறீதரைக் கழற்றிப் பெற்றோலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தார். சுருட்டுத் துண்டு அளவுக்கு மண் வந்தது. புது ஒயில் சீல் ஒன்று, குறைந்த ஒயிலுக்குப் புது ஒயில். எல்லாமாகச் சில ஆயிரம் ரூபாவுக்குள் வேலை முடிந்தது. ஒழுக்கு நின்றுவிட்டது.

இவர்கள் அக்சிலை வெளியே இழுத்தபோது அந்தச் சீல் கண்ணுக்கு நேரே இருந்திருக்கும். பார்த்துக்கொண்டேதான் பழைய சீலுக்குள் திரும்பச் செருகியிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஜப்பான் புதுச் சாமான் என்றார்களே, பெரியவர் அதன் கருப்புப் பெயின்றை நகத்தால் சுரண்டினார். பெயின்ற் செதிலாக உரிந்தது. அடியில் துரு, துருவின் குழிகளுக்குள்ளும் பெயின்ற். எங்கோ உடைத்த வண்டியின் அக்சில், புது ரப்பர் உறையும் ஒரு பூச்சும் கொடுத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். டக் டக் சத்தம் அதனுடையது. அது இன்னும் இருக்கிறது.

முதல் நாள் வண்டி ஜக்கில் நின்றபோது மகனுக்கு அனுப்ப நான் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் என் பழைய அக்சிலின் உறை மடிப்புகளில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. வலது பக்கம் காய்ந்த செம்மண் தூசி படிந்து ஒரு துளி ஈரம் இல்லாமல் இருக்கிறது. அந்தப் பழைய சாமான் எங்கே என்று கேட்டேன். இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டானாம். இரும்புக்காரன் கொண்டுபோனானா, பெயின்ற் அடித்து அடுத்த வண்டிக்குப் போனதா என்பதை நீங்களே யோசியுங்கள். இதற்குத்தான் 185,000 ரூபா.

விபரமாக ஆலோசனை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. ஒழுகினால் முதலில் துடைக்கச் சொல்லுங்கள், ஓட்டிவிட்டு எங்கே தொடங்குகிறது என்று நீங்களே குனிந்து பாருங்கள். துடைக்காமல் விலை சொல்கிற இடத்தில் நிற்காதீர்கள். கிறீஸா ஒயிலா என்று விரலில் உரசி முகர்ந்து பாருங்கள். சேற்றில் இறக்குகிறவர்கள் மழைக்காலம் முடிந்ததும் பிறீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். முன் ஹப்பை (சில்லை அக்சிலோடு பூட்டும் நடுப்பகுதியை) விடுவித்து ஓடும் பழைய வகை வண்டி என்றால் இரண்டு சில்லு ஓட்டத்தில் முன் அக்சில் சுற்றாது, தெறிப்பும் குறைவாக இருக்கும், அதையும் கணக்கில் எடுங்கள். கழற்றிய சாமான் உங்களுடையது, வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். கடை முத்திரை உள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, அங்கே போனாலும் அந்தச் சீட்டு வேண்டும்.

கடைசியாக ஒரு உதவி. என் பழைய இடது அக்சிலில் சில்லுப் பக்கத்து உறைக்கு ரேடியேட்டர் குழாய்க்குப் போடும் திருகுக் கிளிப் போட்டிருக்கும், திருகின் தலை ஒரு பக்கம் உடைந்திருக்கும். எந்தச் சாமான் கடையிலாவது, எந்த முகநூல் விற்பனைப் படத்திலாவது அப்படி ஒன்றைக் கண்டால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.