இரண்டு ஆபீசை விசாட்டில் இணைக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வால்பாறையில் தேயிலை எஸ்டேட் நடத்தும் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்ப்பவன் நான். ஃபேக்டரி ஆபீசையும் கோவை ஹெட் ஆபீசையும் ஒரே லேன் (ஒரே ஆபீசுக்குள் இருக்கிற மாதிரியான நெட்வொர்க்) ஆக்கித் தருகிறோம் என்று ஒரு விசாட் ஏஜென்சி வந்தது. விசாட் என்றால் சின்ன டிஷ் வைத்து, செயற்கைக்கோள் வழியாகத் தரும் இணைப்பு. "கோவை சர்வர்ல இருக்கிற டாலியை (கணக்கு சாஃப்ட்வேர்) இங்கயே இருக்கிற மாதிரி திறக்கலாம் சார்" என்றார்கள். டெமோவும் காட்டினார்கள், நல்ல வெயில் காலத்தில், பிரவுசரில் ஒரு ஸ்பீடு டெஸ்ட். 2 எம்பிபிஎஸ் வந்தது. முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கொழுந்து எடைக் கணக்கை ஏற்ற உட்கார்ந்தபோதுதான் குட்டு உடைந்தது. டாலி திறப்பதற்குள் டீ ஆறிவிடும். பிங் போட்டால், அதாவது கோவைக்கு ஒரு சின்னக் கேள்வி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்தால், 1,200 மில்லிசெகண்டுக்கு மேல். செயற்கைக்கோள் ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும், அதை யாராலும் குறைக்க முடியாது. எங்களுக்கு அதுவே இரட்டிப்பு. இவர்கள் போட்டது ஸ்டார் அமைப்பு. வால்பாறை டிஷ்ஷிலிருந்து மேலே போய், ஹப்பில் (விசாட் கம்பெனியின் மைய நிலையம்) இறங்கி, திரும்ப மேலே ஏறி, கோவை டிஷ்ஷில் இறங்க வேண்டும். ஸ்பீடு டெஸ்ட் ஹப்பிலிருந்தே இன்டர்நெட்டுக்குப் போய்விடும், கோவை டிஷ்ஷுக்கு வராது, அதனால் அதில் இது தெரியாது. டாலி ஃபைல்களைத் திறக்கும் ஃபைல் ஷேரிங்கோ துண்டு துண்டாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருக்கும் ரகம்.

கோவையில் ஃபைபர் தாராளமாகக் கிடைக்கிறது. ஹப்பிலிருந்து கோவைக்கு லீஸ்டு லைன் (நமக்கென்றே வாடகைக்கு எடுக்கும் தரைவழி லைன்) எடுத்திருந்தால் பாதித் தாமதம் போயிருக்கும். ஆனால் இரண்டாவது டிஷ்ஷை விற்க முடியாதே! போதாததற்கு விபிஎன் (டேட்டாவைப் பூட்டி அனுப்பும் முறை) வேறு போட்டார்கள். அதனால் விசாட் கருவியில் இருக்கும் வேகக் கூட்டல் வசதி டேட்டாவைப் பார்க்கவே முடியாமல் சும்மா கிடந்தது.

ஜூனில் மழை பிடித்ததும் லிங்க் அடிக்கடி விழுந்தது. இந்த விசாட் ஓடும் கேயு பேண்டு அலைவரிசைக்குக் கனமழை ஆகாது. வால்பாறை மழையைச் சொல்லவே வேண்டாம். ஒப்பந்தத்தில் 99.5% நேரம் லிங்க் இருக்கும் என்று இருந்தது. அதுவே வருஷத்துக்கு 44 மணி நேரம் விழலாம் என்று கணக்கு. கீழே பொடி எழுத்தில் 'வானிலை நீங்கலாக'. வாயால் 'டெடிகேட்டட்' (உங்களுக்கு மட்டும்), தாளில் '2 எம்பிபிஎஸ் வரை'. போன் செய்தால் ஒரே பதில்: "உங்க சர்வர் ஸ்லோ சார்."

யாராவது வந்தால் ஸ்டாரா மெஷ்ஷா (ஹப்பில் இறங்காமல் டிஷ்ஷுக்கு டிஷ் நேராகப் பேசுவது), லைனின் வேகம் எத்தனை பேருக்குப் பங்கு என்று எழுத்தில் கேளுங்கள். மழை நாளில், அந்தப் பக்க ஆபீஸ் சர்வரின் ஷேர் ஃபோல்டரிலிருந்து பெரிய எக்செல் ஃபைலைக் காப்பி செய்து காட்டச் சொல்லுங்கள். நாங்கள் இப்போது டாலியை கோவை கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓட்டுகிறோம், திரை மட்டும் வருவதால் சமாளிக்க முடிகிறது. கோவை டிஷ்ஷைத் திருப்பி எடுக்கச் சொன்னதற்கு, ஒப்பந்தக் காலம் முடியட்டும் என்கிறார்கள்.