துத்தநாகம் எடுக்க எது சரி: ஊது உலையா, மின்தொட்டியா, நேரடிக் கரைப்பா?

துத்தநாக ஆலைகளை ஒப்பிட்டுப் பேச்சு வந்தால் முதலில் கேட்பது இரண்டு விஷயம்: கரண்ட் எவ்வளவு தின்கிறது, உலோகம் எவ்வளவு சுத்தமாக வருகிறது. கேட்க வேண்டியவைதான். ஆனால் என்னைக் கேட்டால் இவற்றுக்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: தாதுவோடு ஒட்டிக்கொண்டு வரும் கந்தகமும் இரும்பும் கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றன? துத்தநாகத்தைப் பிரித்தெடுக்க எல்லா வழிகளுக்குமே தெரியும். இந்த இரண்டையும் என்ன செய்வது என்பதில்தான் ஒவ்வொன்றும் வேறு வேறு திசையில் போகிறது, ஆலையின் லாபமும் ஊருக்கு வெளியே குவியும் கழிவும் அங்கேதான் தீர்மானமாகின்றன.

ஆரம்பக் கட்டம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முக்கியத் தாது ஸ்பேலரைட், அதாவது துத்தநாக சல்பைடு. பக்கத்திலேயே காரீயத் தாதுவான கலீனாவும், இரும்பு சல்பைடான பைரைட்டும் கிடக்கும். பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலந்து, காற்றை ஊதி நுரையில் ஏற்றிப் பிரிக்கிறார்கள். துத்தநாக சல்பேட் போன்றவற்றைப் போட்டு ஸ்பேலரைட்டை அடக்கி வைத்துக்கொண்டு காரீயத்தை முதலில் மிதக்க விடுவார்கள். அப்புறம் செப்பு சல்பேட் போட்டு ஸ்பேலரைட்டை எழுப்புவார்கள், சுண்ணாம்பு பைரைட்டைக் கீழேயே பிடித்து வைக்கும். கிடைக்கும் அடர்தாதுவில் துத்தநாகம் 50 சதவீதத்தை ஒட்டியும், கந்தகம் 30 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். இரும்புதான் சிக்கல். அதில் ஒரு பகுதி தனித் துகளாக இல்லாமல் ஸ்பேலரைட் படிகத்துக்குள்ளேயே துத்தநாகத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு நைசாக அரைத்தாலும் அது பிரியாது. ஆக எந்த ஆலையாக இருந்தாலும் இரும்பு வாசலைத் தாண்டி உள்ளே வந்தே தீரும்.

முதலில் உலை வழி. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். தாதுவைக் காற்றில் வறுத்தால் கிடைக்கும் ஆக்ஸைடிலிருந்து கரியால் ஆக்ஸிஜனைப் பறிக்கவோ அதற்கும் மேலான வெப்பம் வேண்டும். எனவே உலைக்குள் துத்தநாகம் பிறக்கும்போதே ஆவியாகத்தான் பிறக்கிறது. அந்த ஆவி குளிரும்போது பக்கத்தில் கார்பன் டை ஆக்ஸைடு இருந்தால் மறுபடி ஆக்ஸைடாகிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். இதற்கு விடை கண்டவர்கள் ராஜஸ்தானின் ஜாவர் பகுதிக் கைவினைஞர்கள். மூடிய களிமண் குடுவைகளைத் தலைகீழாக வரிசையாக அடுக்கி, மேலே சூடேற்றி, ஆவியைக் குழாய் வழியாகக் கீழே இறங்க வைத்து அங்கே குளிரச் செய்தார்கள். ஐரோப்பாவில் பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் சாம்பியன் இதே போன்ற முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1738-இல்தான். ஜாவரில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பெரிய அளவில் உற்பத்தி நடந்துகொண்டிருந்தது.

குடுவை முறையின் குறை, ஒவ்வொரு குடுவையாக நிரப்பிக் காலி செய்ய வேண்டும், இடைவிடாமல் ஓட்ட முடியாது. இரும்புக்குப் போல ஊது உலையில் செய்யலாமே என்றால், அந்த வாயுவில் கார்பன் டை ஆக்ஸைடு நிறைய, ஆவி தப்பிக்காது. இதற்கு இங்கிலாந்தின் ஏவன்மவுத்தில் கண்டுபிடித்த தீர்வு எனக்கு இன்றும் பிரமிப்பு. உலையை விட்டு வெளியே வரும் சூடான வாயுவின் மேல் உருகிய காரீயத்தை மழையாகத் தெறிக்க விடுகிறார்கள். வாயு சட்டென்று குளிர, துத்தநாகம் ஆக்ஸைடாக நேரம் கிடைக்காமல் காரீயத்தில் கரைந்துவிடும். அந்தக் காரீயத்தை 550 டிகிரியிலிருந்து 450 வரை ஆற வைத்தால் அது பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய துத்தநாகத்தின் அளவு கொஞ்சம் குறைகிறது, பிரியும் துத்தநாகம் மேலே மிதக்கிறது. ஒரு முறைக்குப் பிரிவது மிகச் சிறிய அளவு என்பதால், ஒரு டன் துத்தநாகத்துக்கு ஏறக்குறைய 400 டன் காரீயத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். இதுதான் இம்பீரியல் ஸ்மெல்டிங் உலை, 1950களில் தொழிலுக்கு வந்தது.

இந்த உலையின் பெரிய பலம், தீனி விஷயத்தில் முகம் சுளிக்காது. காரீயமும் துத்தநாகமும் பிரியாமல் பின்னிக் கிடக்கும் அடர்தாதுவை அப்படியே போடலாம், கழிவுத் தூசியையும் சேர்க்கலாம். காரீயம் உலையின் அடியில் திரண்டு தங்கம், வெள்ளி, செம்பையும் சேர்த்துக்கொண்டு வரும். இரும்பு, கசடாக உருகி வெளியேறிவிடும், அது இறுகினால் கண்ணாடி மாதிரி கெட்டியான பொருள். இரும்பை இவ்வளவு சுலபமாகக் கழற்றி விடும் வழி வேறு எதுவும் இல்லை. ஆனால் கசடில் இருக்கும் இரும்பு ஆக்ஸைடு உலோக இரும்பாக மாறிவிட்டால் உலை அடைத்துக்கொள்ளும், அதனால் கரி வேலையை முழு மூச்சில் செய்ய விட முடியாது, கொஞ்சம் துத்தநாகம் கசடோடு போவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பலவீனங்களும் சின்னவை அல்ல. உலோகவியல் கற்கரி (கோக்) ஏராளமாக வேண்டும், அதன் விலை ஏறினால் ஆலை ஆட்டம் காணும். உலைக்குள் போகும் முன் தாதுவை வறுத்துக் கட்டிகளாக்கும் சின்டர் பிரிவில் காரீயத் தூசியையும் புகையையும் அடக்குவது தீராத வேலை, அங்கே வேலை செய்பவர்களின் இரத்தத்தில் காரீய அளவைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். வரும் உலோகமோ 98.5 சதவீதத்தை ஒட்டியது. அதை மேலும் சுத்தமாக்க நியூ ஜெர்சி முறையில் இரண்டு தடவை காய்ச்சி வடிக்க வேண்டும்: ஒரு கோபுரத்தில் துத்தநாகத்தை ஆவியாக்கிக் காரீயத்தை அடியில் விட வேண்டும், அடுத்ததில் 767 டிகிரியிலேயே கொதிக்கும் காட்மியத்தை மேலே துரத்த வேண்டும். ஏவன்மவுத் உலை 2003-இல் மூடப்பட்டது. வேறு பல இடங்களிலும் இதே கதைதான்.

இனி இன்றைய ராஜா: வறுத்து, கரைத்து, மின்னாற்பகுப்பு செய்யும் வழி. உலகில் புதிதாகப் பிரித்தெடுக்கும் துத்தநாகத்தில் மிகப் பெரும் பங்கு இதில்தான் வருகிறது. அடர்தாதுவைப் பாய்ம அடுக்கு உலையில் (அடியிலிருந்து காற்றை ஊதித் துகள்களை மிதக்க வைக்கும் உலை) 950 டிகிரியை ஒட்டி வறுத்தால் கந்தகம் முழுக்கக் கந்தக டை ஆக்ஸைடாக, நல்ல செறிவோடு ஒரே குழாயில் வந்துவிடும். அதைக் கந்தக அமிலமாக்கி விற்கலாம், ஒரு டன் துத்தநாகத்துக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் அமிலம் கிடைக்கும். பக்கத்திலேயே உரத் தொழிற்சாலை இருந்தால் இது வரவு. வாங்க ஆள் இல்லாத மூலையில் ஆலை இருந்தால் அதே அமிலம் தலைவலி. சேமிக்கவும் இடமில்லை, கொட்டவும் முடியாது.

வறுத்த பொருளை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, கரைசலை வடிகட்டி, துத்தநாகப் பொடியைப் போட்டுச் சுத்தப்படுத்துகிறார்கள். பொடி கரைந்து, அதன் இடத்தில் செம்பும் காட்மியமும் படிந்துவிடும். கோபால்ட் மட்டும் லேசில் வராது, கரைசலைச் சூடாக்கி ஆன்டிமனியோ ஆர்சனிக்கோ துளி சேர்த்தால்தான் வரும். ஆர்சனிக்கைத் தேர்ந்தெடுத்தால் ஆர்சின் என்ற கொடிய விஷ வாயு உண்டாகிவிடாமல் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்பது மின்தொட்டிக்கு வந்தால் புரியும். பாடப்புத்தகத்து வரிசைப்படி பார்த்தால் அமிலக் கரைசலில் மின்சாரம் விட்டதும் ஹைட்ரஜன்தான் முதலில் வர வேண்டும், துத்தநாகம் பின்னால்தான் நிற்கிறது. ஆனால் துத்தநாகப் பரப்பில் ஹைட்ரஜன் குமிழியாக வெளியேற ரொம்பவே தயங்கும். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஒரு சிறு பின்னம் ஜெர்மானியம் கரைசலில் நுழைந்தால் போதும், தயக்கம் உடைந்து ஹைட்ரஜன் பொங்கும், படிந்த துத்தநாகமே திரும்பக் கரையத் தொடங்கும், தகட்டை வெளியே எடுத்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கும். தகடு என்பது எதிர்மின்வாயான அலுமினியத் தகடு. நேர்மின்வாய், வெள்ளி கொஞ்சம் கலந்த காரீயம். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை அலுமினியத் தகட்டைத் தூக்கி, ஓரத்தில் கத்தி நுழைத்தால் சில மில்லிமீட்டர் தடிமனில் துத்தநாகப் பாளம் உரிந்து விழும். கரைசலில் புளோரைடு அதிகமானால் அது உரியாது, அலுமினியத்தையே பிய்த்துக்கொண்டு வரும். நேர்மின்வாயில் கிளம்பும் ஆக்ஸிஜன் குமிழிகள் அமிலச் சாரலைக் காற்றில் தூக்கி வீசும். காற்றோட்டம் சரியில்லாத கூடத்தில் தொண்டை எரியும், பல் கூசும்.

ஒரு டன்னுக்கு மின்தொட்டியில் மட்டும் 3,000 யூனிட்டுக்கு மேல் ஆகும். பதிலுக்கு 99.995 சதவீத உலோகம் நேராகக் கைக்கு வருகிறது. காய்ச்சி வடிக்கும் கோபுரம் எதுவும் வேண்டாம்.

எல்லாம் சரி, இரும்பு? இந்த வழியின் புண் அதுதான். வறுக்கும்போது இரும்பும் துத்தநாகமும் கைகோத்து ஃபெரைட்டாகிவிடுகின்றன. நீர்த்த அமிலம் அதைத் தொடாது. கொதிக்கும் கடும் அமிலத்தில் போட்டால் கரையும், ஆனால் துத்தநாகத்தோடு இரும்பும் கரைசலுக்கு வந்துவிடும். அதை வடிகட்டக்கூடிய வடிவத்தில் வீழ்த்த 1960கள் வரை நல்ல வழி இல்லாததால் ஃபெரைட்டோடு துத்தநாகத்தையும் இழந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஸ்பெயின், நார்வே, ஆஸ்திரேலியா என மூன்று நாடுகளில் தனித்தனியாக ஜாரோசைட் முறை வந்தது. சோடியமோ அம்மோனியமோ சேர்த்து, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் இரும்பு மஞ்சள் நிறப் படிவாக வீழும். மலிவானது, எளிதில் வடியும், கூடுதல் சல்பேட்டையும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அந்தப் படிவில் இரும்பு 30 சதவீதத்தை ஒட்டித்தான், மிச்சமெல்லாம் சல்பேட், நீர், கொஞ்சம் காரீயம், காட்மியம். யாரும் வாங்க மாட்டார்கள். குளம் கட்டிக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்து இறுக்கிக் குவிக்க வேண்டும். ஆலை மூடிய பிறகும் அந்தக் குவியலைக் காவல் காத்தாக வேண்டும்.

பெல்ஜியத்தில் உருவான கோதைட் முறையில் இரும்பு இன்னும் செறிவாக, 40 சதவீதத்தை ஒட்டி வரும், அளவு குறையும், ஆனாலும் அதுவும் குளத்துக்குத்தான். ஜப்பானின் இய்ஜிமா ஆலை எடுத்த வழி ஹேமடைட்: 200 டிகிரியை ஒட்டிய அழுத்தக் கலனில் ஆக்ஸிஜன் கொடுத்து இரும்பை 60 சதவீதத்தை ஒட்டிய ஆக்ஸைடாக வீழ்த்தி, அதைச் சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். செலவு கூடுதல், கலன்களைப் பராமரிப்பது கடினம். இருந்தாலும் மூன்றில் எதை எடுப்பாய் என்றால் நான் ஹேமடைட் பக்கம்தான். ஜாரோசைட்டின் மலிவு விலைப்பட்டியலில் குளத்தின் விலை எழுதப்படுவதே இல்லை.

மூன்றாவது போட்டியாளர் வறுக்கவே வேண்டாம் என்கிறார். அடர்தாதுவை நேரடியாக அமிலத்தில் போட்டு ஆக்ஸிஜன் செலுத்தினால் கந்தகம் வாயுவாகாமல் திடக் கந்தகமாகவே தங்கிவிடும். கனடாவின் டிரெயிலில் 1981-இல் தொடங்கிய அழுத்த முறையில் 150 டிகிரி, வேலை ஓரிரு மணி நேரத்தில் முடியும். அந்த வெப்பத்தில் கந்தகம் உருகித் தாதுத் துகளை மூடிவிடும் என்பதால் அதை விலக்கி வைக்கும் சேர்பொருள் கட்டாயம். பின்லாந்தின் கொக்கோலாவில் 1998-இல் வந்த சாதாரண அழுத்த முறையில் கலன் உறுதி இவ்வளவு வேண்டாம், 100 டிகிரிக்குள்தான், ஆனால் உயரமான தொட்டிகளில் ஒரு நாள் அளவுக்கு ஊற வேண்டும்.

அமிலத்துக்குச் சந்தை இல்லாத இடத்தில் இது உண்மையான விடுதலை. வறுக்கும் உலையை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் இதைச் சேர்த்து உற்பத்தியைக் கூட்டலாம் என்பதும் பெரிய வசதி, பல ஆலைகள் அதைத்தான் செய்திருக்கின்றன. ஆனால் இந்த முறையைச் சுத்தமான தொழில்நுட்பம் என்று ஒரே வரியில் புகழ்வதை நான் ஏற்கமாட்டேன். கந்தகம் சுத்தமாக வருவதில்லை, கரையாத பைரைட், காரீயம், வெள்ளியோடு கலந்து கிடக்கும். அதைப் பிரிக்காவிட்டால் அதுவும் ஒரு குவியல்தான். இரும்பும் கரைசலில்தான் இருக்கிறது, மேலே சொன்ன மூன்று வழிகளில் ஒன்றுக்கு இங்கேயும் வந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் என் தேர்வு? தாது சுத்தமாகப் பிரிந்து, அமிலத்துக்கு வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்தால் வறுத்து மின்னாற்பகுப்பு, கூடவே ஹேமடைட். ஏற்கெனவே ஓடும் ஆலையை விரிவாக்க, அல்லது அமிலம் விற்காத இடத்தில், நேரடிக் கரைப்பு. காரீயமும் துத்தநாகமும் பிரியவே பிரியாத தாதுவுக்கு இன்னும் ஊது உலைதான், அதுவும் சின்டர் புகையை அடக்கச் செலவு செய்யத் துணிந்தால் மட்டும்.

எஃகு ஆலைத் தூசி இதில் ஒரு தனிக் கேஸ். துத்தநாகம் பூசிய பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கும்போது துத்தநாகம் ஆவியாகித் தூசியில் சேர்கிறது. அதை வெல்ஸ் சுழல் உலையில் கரியோடு சூடாக்கி ஆக்ஸைடாகப் பிடிக்கிறார்கள், இரும்பு அங்கேயே கசடாக நின்றுவிடுகிறது, கந்தகமும் பேச்சுக்கே இல்லை. ஆனால் குளோரைடும் புளோரைடும் நிறைய இருக்கும். சோடா கரைசலில் நன்றாகக் கழுவாமல் மின்தொட்டிப் பக்கம் அனுப்பினால் குளோரைடு நேர்மின்வாயை அரிக்கும், புளோரைடு பாளத்தை உரிக்க விடாது. ஊது உலைக்கு அந்தக் கழுவல் அவ்வளவு கறாராக வேண்டாம். மறுசுழற்சித் தூசியைப் பொறுத்தவரை பழைய உலையை ஒதுக்கித் தள்ள முடியாததற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.