பரிவாகன் தளத்தில் ஏழு வருடம்: முதலில் உங்கள் மொபைல் எண்ணைப் பாருங்கள்

2018-இல் தவணையில் ஒரு பைக் வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் சம்பந்தப்பட்ட வேலை எதுவானாலும் கணினி முன்னால் உட்காருவது நான்தான். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்), லைசென்ஸ் புதுப்பிப்பு, ஹெச்.பி. கேன்சல் (வண்டிப் பதிவில் உள்ள கடன் குறிப்பை நீக்குவது), பெயர் மாற்றம், சலான் (போக்குவரத்து அபராதம்) கட்டுவது என்று ஒரு சுற்று வந்துவிட்டேன். ஏழு வருட அனுபவத்தில் ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: உங்கள் வண்டிப் பதிவிலும் லைசென்ஸ் பதிவிலும் இருக்கும் மொபைல் எண் உங்களுடையதா என்று இன்றைக்கே பாருங்கள். நான் பட்ட அலைச்சலில் முக்கால்வாசி அந்தப் பத்து இலக்கத்தால் வந்தது.

புதிதாக நுழைபவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பரிவாகன் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளம். அதற்குள் இரண்டு பெரிய பிரிவுகள். ஓட்டுநர் உரிமம் தொடர்பானதெல்லாம் 'சாரதி', வண்டி தொடர்பானதெல்லாம் 'வாகன்'. முதல் பக்கத்தில் மாநிலத்தைக் கேட்கும், தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். சாரதியில் உங்களுக்குச் சாவி விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும். வாகனில் வண்டி எண்ணும், வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரின் கடைசி ஐந்து இலக்கமும். இரண்டிலும் பூட்டைத் திறப்பது ஓ.டி.பி. அது எந்த மொபைலுக்குப் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

என் பைக்குக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2021-இல் தவணை முடிந்தது. வங்கியில் தடையில்லாச் சான்றும் கடன் முடிந்ததற்கான படிவம் 35-உம் வாங்கிக்கொண்டு, ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்று) இருக்கும் கடன் குறிப்பை நீக்கலாம் என்று வாகன் பக்கத்தில் வண்டி எண்ணைப் போட்டேன். ஓ.டி.பி. அனுப்பப்பட்டது என்று வந்தது. என் போனுக்கு எதுவும் வரவில்லை. மூன்று முறை முயன்றேன். நெட்வொர்க் பிரச்சினை என்று நினைத்து மொட்டைமாடிக்குக்கூடப் போய்ப் பார்த்தேன். பிறகுதான் திரையில் சிறிதாகக் காட்டியிருந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைக் கவனித்தேன். அது என் எண்ணே இல்லை. வண்டி வாங்கும்போது பதிவு வேலையை விற்பனைக் கடையிலேயே பார்த்துக்கொண்டார்கள். அங்கே யாரோ தங்கள் வசதிக்காகத் தங்கள் எண்ணையே எல்லா வண்டிக்கும் போட்டு வைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக என் வண்டியின் தகவல் எல்லாம் எனக்குத் தெரியாத ஒருவரின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. நினைக்கும்போது இப்போதும் கோபம் வருகிறது. ஒரு நிமிடம் என்னைக் கேட்டிருந்தால் போதும்.

இதைச் சரிசெய்யும் வழி அந்தத் தளத்திலேயே இருக்கிறது. மொபைல் எண் புதுப்பிப்பு என்று தனியாக ஒரு சேவை உண்டு. வண்டி எண், முழு சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பதிவு தேதி, பதிவு எதுவரை செல்லும் என்ற தேதி எல்லாம் ஆர்.சி.யில் உள்ளபடியே கேட்கும். இப்போது ஆதார் வழியாகவும் செய்ய முடிகிறது. எனக்கு அன்று சேஸிஸ் நம்பரில் ஒரு சிக்கல். ஆர்.சி. அட்டையில் எழுத்து தேய்ந்து, ஒரு இடத்தில் இருப்பது பூஜ்ஜியமா 'ஓ' என்ற ஆங்கில எழுத்தா என்று தெரியவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் வண்டியின் சட்டத்தைத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. அப்போது ஒரு மெக்கானிக் அண்ணன் சொன்னது இன்றுவரை உதவுகிறது: பதினேழு இலக்க சேஸிஸ் நம்பரில் 'ஐ', 'ஓ', 'கியூ' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்ஜியத்தோடும் குழம்பக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆக, வட்டமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்ஜியம் என்று அடிக்கலாம். அடித்தேன். அடுத்த நிமிடமே என் போனுக்கு ஓ.டி.பி. வந்தது.

எண்ணுக்கு அடுத்தபடி நம் ஊர்க்காரர்களை அதிகம் படுத்துவது இனிஷியல். இந்தத் தளம் முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்களைக் காட்டும். நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும். 2022-இல் என் அக்கா மகளுக்கு எல்.எல்.ஆர். போட உட்கார்ந்தபோது, பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நின்றது. மூன்றில் எதைப் பின்பற்றுவது? என் அனுபவத்தில் ஆதாரில் எப்படி இருக்கிறதோ, புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே போடுவதுதான் பின்னால் தொல்லை தராது. ஏனென்றால் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் லைசென்ஸையோ ஆர்.சி.யையோ இழுக்கும்போது ஆதார் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் ஆவணம் வராது. ஆதாரிலேயே தவறு இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு இங்கே வாருங்கள். இரண்டு வாரம் தாமதமாகும், பரவாயில்லை.

புகைப்படமும் கையெழுத்தும் ஏற்றும் இடத்தில் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் 20 கே.பி.க்குள் இருக்க வேண்டும். போனில் எடுத்த படம் அதைவிட நூறு மடங்கு பெரிதாக இருக்கும். வெள்ளைத் தாளில் கருப்பு மையில் கையெழுத்துப் போட்டு, கையெழுத்தை ஒட்டி வெட்டிவிட்டால் அளவு தானாகக் குறையும். ஒருமுறை சுருக்கியதைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த சேவைக்கும் அதுவே உதவும்.

பணம் கட்டும்போது ஒரு எச்சரிக்கை. வங்கியில் பணம் போய்விட்டு, ரசீது வராமல் பக்கம் நின்றுபோனால் பதறி இன்னொரு முறை கட்டாதீர்கள். கட்டண நிலையைச் சரிபார்க்கத் தனி இணைப்பு இருக்கிறது. விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் சிறிது நேரத்தில் அதுவே வங்கியோடு சரிபார்த்து ரசீதைக் காட்டும். எனக்கு இரண்டு முறை அப்படி வந்தது.

எல்.எல்.ஆர். கிடைத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் தேர்வுக்கு ஸ்லாட் போட முடியும், ஆறு மாதத்துக்குள் போட்டாக வேண்டும். அக்கா மகள் கல்லூரித் தேர்வு, ஊர்த் திருவிழா என்று தள்ளிக்கொண்டே போய் ஐந்தாவது மாதக் கடைசியில்தான் எட்டு போடப் போனாள். அந்தப் பதற்றம் வேண்டாம். 30 நாள் முடிந்த கையோடு ஸ்லாட்டைப் பாருங்கள். இன்னொன்று, 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸும் ஆர்.சி.யும் ஆபீஸில் கையில் தருவதில்லை, விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகிறது. நல்ல ஏற்பாடு, நடுவில் ஆள் பிடிக்கும் வேலை குறைந்தது. ஆனால் கதவு பூட்டியிருந்தால் தபால்காரர் கூப்பிடுவது நீங்கள் கொடுத்த எண்ணுக்குத்தான். எண்ணும் முகவரியும் பழையதாக இருந்தால் அட்டை வந்த வழியே திரும்பிவிடும்.

வண்டியை விற்பவர்களுக்கு. 2023-இல் என் பழைய வண்டியைத் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நம்பினேன். நான்கு மாதம் கழித்து என் போனுக்கு சலான் வந்தது. ஹெல்மெட் இல்லாமல் ஒருவர் போகிறார், வண்டி இன்னும் என் பெயரில். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். நானும் அதைச் செய்யவில்லை. சரியான எண் பதிவில் இருந்ததால்தான் அந்த ஒரு சலானோடு விஷயம் தெரிந்தது. விபத்து ஏதும் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்த இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே அவரை உட்கார வைத்துப் பெயர் மாற்ற விண்ணப்பத்தை முடித்தேன். பெயர் மாறிய ரசீதைப் பார்க்காமல் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளிலும் ஜாக்கிரதை. ஒரு செயலிக் கோப்பை இணைத்து, இதைத் திறந்து பாருங்கள் என்று வந்தால் அது மோசடி. திறந்தால் வங்கிக் கணக்கு வரை போய்விடும். உண்மையான சலானைப் பார்க்க எந்தக் கோப்பையும் நிறுவ வேண்டியதில்லை. நீங்களே பரிவாகன் தளத்துக்குப் போய், முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு, வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக அப்பாவின் லைசென்ஸும் ஸ்கூட்டரும். 2019-இல் அப்பாவின் லைசென்ஸைப் புதுப்பித்தேன். அவருடையது பழைய புத்தக வடிவ லைசென்ஸ், படத்தின் மேல் பாதி முத்திரை இருக்கும் அந்தக் காலத்தது. சாரதியில் எண்ணைப் போட்டால் விவரம் எதுவும் வரவில்லை. பழைய பதிவேட்டிலிருந்து கணினியில் ஏற்ற வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள், அசலைக் கொடுத்து ஏற்றிய பிறகுதான் இணையத்தில் விண்ணப்பிக்க முடிந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும், அதையும் வாங்கினோம். ஓ.டி.பி. வந்தபோது அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். என் எண்ணைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, "என் லைசென்ஸுக்கு என் நம்பர்தாண்டா இருக்கணும்" என்றார்.

2023-இல் அப்பா தவறிவிட்டார். ஸ்கூட்டர் 2010-இல் பதிவானது, 15 வருடம் 2025-இல் முடிய இருந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் முதலில் பெயர் மாற வேண்டும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நாட்களில் யாருக்கும் மனசு வந்திருக்காது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட அப்பாவின் எண் எப்போதோ துண்டாகிப் போயிருந்தது. இரண்டு வருடம் கழித்து விண்ணப்பத்தைத் திறந்தால் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும் என்கிறது. ஒரு நம்பிக்கையில் அதைக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு இளைஞன் "ஹலோ, யாருங்க?" என்றான். எண் வேறொருவருக்குப் போய்விட்டது. எதுவும் சொல்லத் தோன்றாமல் வைத்துவிட்டேன்.

அதன்பின் நேரில் போனோம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அக்காவும் நானும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் காட்டி, அங்கே எண்ணை மாற்றிய பிறகே மீதி வேலை இணையத்தில் நகர்ந்தது. வண்டியை ஆய்வாளரிடம் காட்டி, இருசக்கர வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாயும் பசுமை வரியும் கட்டினோம். இன்னும் ஐந்து வருடத்துக்கு ஸ்கூட்டர் ஓடலாம்.

மொபைல் எண் கட்டத்தில் என் எண்ணைத்தான் அடிக்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "வண்டி என் பேருக்குத்தானே வருது?" என்றார். அழித்துவிட்டு அம்மாவின் எண்ணைப் போட்டேன். போன் அதிர்ந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்.