எங்கள் ஹைக்கிங் கிளப்பின் குளிர்காலம்: சேரலாமா, வேண்டாமா?

ஹைக்கிங் கிளப்பில் சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் வெயில் காலம் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். நான் குளிர்காலத்திலேயே சேரச் சொல்வேன். கோடையில் பகல் நீளம், பாதை கண்ணுக்குத் தெரியும், வழிநடத்துபவர் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். பனி விழுந்த பிறகு அந்த அசட்டை எடுபடாது. கிளப் உருப்படியானதா, வெறுமனே ஆள் சேர்த்து ஊர் சுற்றும் கூட்டமா என்பது அப்போதுதான் வெளியே வரும்.

நான் சில வருடங்களாக உறுப்பினராக இருக்கும் கிளப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை. எந்த ஊரில் இருப்பவரும் தங்கள் பக்கத்துக் கிளப்பை எடைபோட இது உதவினால் போதும்.

முதலில் நல்லது. குளிர்கால நடைக்குப் பெயர் கொடுத்தால் இரண்டு நாளைக்குள் வழிநடத்துபவரே ஃபோன் செய்கிறார். என்ன ஷூ வைத்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது நடந்தீர்கள், முழங்கால் எப்படி, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும், எனக்கு இதுதான் நம்பிக்கை கொடுத்தது. நடை அன்றைக்குக் காலையில் பாதை தொடங்கும் இடத்தில் மறுபடியும் ஒரு சோதனை உண்டு. ஹெட்லேம்ப் எரிகிறதா, இரண்டாவது ஜோடி கையுறை இருக்கிறதா, பையில் உலர்ந்த உடுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒருமுறை ஜீன்ஸும் பருத்தி டி-ஷர்ட்டுமாக ஒரு பையன் வந்திருந்தான், உற்சாகமான பையன். வழிநடத்தும் அம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இந்தத் துணியோடு உன்னை மேலே கூட்டிப்போக மாட்டேன், கீழே காட்டுக்குள் ஒரு குட்டி நடை இருக்கிறது, அதில் போ, அடுத்த வாரம் சரியான துணியோடு வா" என்றார். யார் முன்னாலும் அவனைத் தலைகுனிய வைக்கவில்லை. அவனும் மறுவாரம் கம்பளி உள்ளாடையோடு வந்து நின்றான்.

பருத்தி ஏன் கூடாது என்றால், அது வியர்வையைக் குடித்துக்கொண்டு லேசில் காயாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால் ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே ஏறும்போது ஒன்றும் தெரியாது, உச்சியில் நின்று காற்று அடிக்கும்போதுதான் நடுக்கம் பிடிக்கும். எங்கள் கிளப்பில் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும் என்பார்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் கட்டாயம் ஒரு நிறுத்தம் போட்டு, வியர்க்கிறவர்களை ஒரு அடுக்கைக் கழற்றச் சொல்வார்கள். குடிநீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொல்லிக் கொடுத்ததும் இவர்கள்தான். தண்ணீர் மேல்பக்கத்திலிருந்துதான் உறையும், கவிழ்த்து வைத்தால் மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். பேட்டரியைச் சட்டைக்குள் வை, இயன்றால் லித்தியம் வாங்கு, சாதாரண அல்கலைன் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும் என்பார்கள். இதெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும்தான், ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லும்போது மறக்காது.

திரும்பும் நேரம் விஷயத்தில் இவர்களுக்கு முழு மதிப்பெண். கிளம்பும் முன்பே, இத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புகிறோம் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிடுவார்கள். நடை நேரத்தைக் கணக்கிட இன்றும் பலர் 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதியைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். அது நல்ல தரையில் நல்ல உடம்போடு நடப்பவருக்கான கணக்கு. மென்பனியில் அதுவே இரண்டு மடங்கானாலும் ஆச்சரியமில்லை. ஒரு தடவை உச்சி கண்ணுக்கு நேரே தெரிந்தது, இன்னும் அரைமணி நேரம்தான் என்று இரண்டு பேர் கெஞ்சினார்கள், வழிநடத்துபவர் கடிகாரத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றைக்குக் கார் நிறுத்தத்துக்கு வந்தபோது ஹெட்லேம்ப் போட வேண்டியிருந்தது. அரைமணி நேரம் விட்டுக்கொடுத்திருந்தால் செங்குத்தான அந்த ஐஸ் இறக்கத்தை இருட்டில் இறங்கியிருப்போம்.

பயிற்சி மாலைகளைத் தவறவிடாதீர்கள். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம், ஆனால் மலையில் யாரும் வெப்பமானி வைத்துப் பார்ப்பதில்லை. தடுமாறி நடக்கிறாரா, பேச்சு குழறுகிறதா, ஜிப்பை இழுக்க முடியாமல் திணறுகிறாரா, காரணமில்லாமல் சிடுசிடுக்கிறாரா, இதைக் கவனி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ரொம்ப அமைதியாகிவிட்ட ஆளைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். உறைந்த விரலைத் தேய்க்கவே கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்கள், தேய்த்தால் திசு இன்னும் கெடும்.

பனிச்சரிவு விஷயத்தில் கிளப் தன் எல்லையைத் தெரிந்து வைத்திருக்கிறது. ஆபத்தான சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் இருப்பவை. கிளப் நடைகள் அந்த மாதிரிச் சரிவுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் தவிர்த்தே திட்டமிடப்படுகின்றன. அங்கே போக ஆசைப்படுபவர்களைத் தொழில்முறைப் பயிற்சிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இருந்தாலும் அறிமுகத்துக்காக ஒரு தேடும் பயிற்சி வைத்தார்கள். பனியில் புதைந்தவரைத் தேட உதவும், 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் டிரான்சீவர் கருவி ஒன்றைப் பையில் போட்டுப் பனியில் புதைத்துவிட்டு, எங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு சடசடவென்று சரியும் என்று முன்பே சொல்லியிருந்ததால், ஸ்டாப்வாட்ச் ஓட ஓட எல்லோர் கையும் நடுங்கியது. மண்வெட்டி வாங்காமல் டிரான்சீவர் மட்டும் வாங்குவதில் அர்த்தமில்லை என்பது அன்றைக்குத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

நடை மட்டும் இல்லை. வரைபடமும் காம்பஸும் படிக்கும் மாலை, நிலவொளியில் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் இருக்க ஷூவில் மாட்டும் அகலமான சட்டம்) நடை, பனியில் விலங்குத் தடம் பார்க்கும் காலை என்று குளிர்கால அட்டவணை கொழுத்தே இருக்கிறது. தடம் பார்க்கும் நடை எனக்கு மிகவும் பிடித்தது. முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னால் விழும், ஆகவே பெரிய தடம் இருக்கும் பக்கம்தான் அது போன திசை. புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் எதிர்த்திசையில் விரல் நீட்டினார்கள்.

இரவல் சாமான்கள் சுமார்தான். ஸ்னோஷூ, மைக்ரோஸ்பைக்ஸ் (ஐஸில் வழுக்காமல் இருக்க ஷூவின் அடியில் மாட்டும் முட்கள்), கைத்தடி எல்லாம் உறுப்பினர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, புதிதாக வருபவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் சின்ன அளவுகள் மிகக் குறைவு, பெண்களும் சிறுவர்களும் தவித்துப்போகிறார்கள். நான் வாங்கிப்போன ஸ்னோஷூ ஒன்றின் வார் பாதி வழியில் அறுந்தது. வழிநடத்துபவரின் பையில் கேபிள் டையும் ஒட்டுநாடாவும் இருந்ததால் நடை தப்பியது. ஸ்னோஷூ இல்லாமல் மென்பனியில் நடந்தால் முழங்கால்வரை புதையும், அப்படி விழுந்த குழிகள் இரவில் உறைந்து அடுத்து வருபவர் கணுக்காலைச் சுளுக்க வைக்கும். அதனால் இது நம் வசதி மட்டுமில்லை, பாதையைப் பயன்படுத்தும் எல்லோருக்குமான விஷயம். திரும்ப வாங்கும்போதே வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைக்கலாம், அதைச் செய்ய ஆள் இல்லை.

இங்கேதான் தன்னார்வப் பணிக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நாம் நடக்கும் பாதை தானாக இருப்பதில்லை. அமெரிக்காவில் பதினான்கு மாநிலங்களைக் கடக்கும் அப்பலாச்சியன் நெடும்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். வனவியலாளர் பென்டன் மெக்கே 1921இல் யோசனை சொல்லி, 1937இல் முழுப்பாதையும் இணைந்தது. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். இன்றைக்கும் அதைப் பெரும்பாலும் பராமரிப்பது ஆங்காங்கே உள்ள கிளப்களின் தன்னார்வலர்கள்தான். நம் ஊர்ப் பக்கத்துச் சின்னப் பாதைக்கும் அதே கதைதான்.

குளிர்காலம் இந்த வேலைக்கு ஏற்ற பருவம். இலை உதிர்ந்திருப்பதால் எங்கே புதர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தெளிவாகத் தெரியும், பறவைகள் கூடு கட்டும் காலமும் இல்லை, அதனால் தயங்காமல் வெட்டலாம். பனி கனக்காத நாட்களில் வடிகால் வேலை. பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்லோ கட்டையோ பதித்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவார்கள், அந்த வாய் இலைக்குப்பையால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பாதையிலேயே ஓடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், மண்ணைத் தூக்கிவிடும், வெயில் வந்ததும் அது சேறாகும், சேற்றைத் தவிர்க்க ஆட்கள் ஓரமாக நடப்பார்கள், இரண்டு வருடத்தில் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை அகலத்துக்கு வந்துவிடும். (சேறு கண்டால் நடுவிலேயே நடங்கள், தயவுசெய்து.) எனக்கு முதலில் கொடுத்தது புலாஸ்கி. ஒரு பக்கம் கோடாரி, மறு பக்கம் கொத்து. எட் புலாஸ்கி என்ற அமெரிக்க வனக்காவலர் பெயரில் வழங்கும் கருவி. அடைத்துக்கிடந்த வடிகால் வாயில் கறுப்பாக ஊறிப்போன இலைகளைக் கொத்தி இழுத்ததும், தேங்கிநின்ற தண்ணீர் ஒரு கணம் சுழன்று, பிறகு களகளவென்று சரிவில் இறங்கி ஓடியது. பத்து நிமிடத்தில் பாதையின் கல் தெரிந்தது. அலுவலகத்தில் வாரக்கணக்கில் உழைத்தும் கிடைக்காத திருப்தி அது.

விழுந்த மரங்களுக்குக் கிளப் கறாரான விதி வைத்திருக்கிறது. சங்கிலி ரம்பம் (செயின்சா) பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர் கையில் மட்டும்தான். வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையை வெட்டினால் வில் போலத் தெறித்து ஆளையே அடித்துவிடும், அதனால் மற்றவர்கள் தூரத்தில் நின்று வெட்டியதை இழுத்துப் போடுவதோடு சரி. உடம்பு ஒத்துழைக்காதவர்களுக்கும் வேலை இருக்கிறது. கருவி தீட்டலாம், பலகைக்கு வண்ணம் அடிக்கலாம், புதியவர்களுக்கு ஃபோன் செய்யலாம். நடையில் கடைசி ஆளாக வருவதும் தன்னார்வப் பணிதான். யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு, கிளைபிரியும் இடத்தில் எல்லோரும் சரியான பக்கம் திரும்பினார்களா என்று உறுதி செய்ய வேண்டும். முன்னால் போகிறவரைவிடக் கடைசி ஆளுக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும் என்பது என் கருத்து.

சரி, குறைகள். எல்லா வேலையையும் அதே ஏழெட்டுப் பேர்தான் செய்கிறார்கள். உறுப்பினர் பட்டியல் எவ்வளவோ நீளம், பராமரிப்பு நாளுக்கு வருகிற முகங்கள் மாறுவதே இல்லை. சோம்பல் ஒரு காரணம்தான், ஆனால் கிளப் கூப்பிடும் விதமும் சரியில்லை. பராமரிப்பு நாள் பற்றிய மின்னஞ்சல் மூன்று நாளைக்கு முன்னால் வருகிறது, அதில் என்ன வேலை, எவ்வளவு நேரம், என்ன கொண்டுவர வேண்டும் என்று எதுவுமே இருக்காது. முதல்முறை வருபவர் பழையவர்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டிருக்க, கையில் கருவியோடு தனியே நிற்கிறார். அவர் மறுபடி வருவாரா? புதியவர் ஒவ்வொருவரையும் ஒரு பழையவரோடு ஜோடி சேர்த்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். போன கூட்டத்தில் இதைச் சொன்னேன், பார்ப்போம் என்றார்கள்.

ஆரம்பநிலைக் குளிர்கால நடைகள் அறிவித்த அன்றே நிரம்பிவிடுகின்றன. வழிநடத்த ஆள் போதவில்லை என்பதுதான் காரணம், ஆனால் புதிதாக ஒருவர் வழிநடத்துபவராக வேண்டுமென்றால் உதவியாளராகப் பல நடை போய், முதலுதவிப் பயிற்சி முடித்து, இரண்டு பேர் பரிந்துரைத்து, அப்புறம் குழு கூடி முடிவு செய்ய வேண்டும். பாதுகாப்புக்காக இருக்கும் படிகளை நான் குறை சொல்லவில்லை, குழு கூடுவதற்கே மாதக்கணக்கில் ஆவதைத்தான் சொல்கிறேன். நடையின் தர அடையாளமும் ஒரே மாதிரி இல்லை. ஒருவரின் "மிதமானது" இன்னொருவரின் "கடினமானது". தூரத்தையும் ஏற்றத்தையும் எண்ணாகப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது. வானிலை மோசமாகி நடை ரத்தானால் செய்தி சில சமயம் நள்ளிரவில் வருகிறது, அதிகாலையில் எழுந்து பையைக் கட்டிய பிறகுதான் பார்க்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஐந்துக்கு நான்கு தருவேன். பாதுகாப்பில் சமரசமில்லை, கற்றுக்கொடுப்பதில் கஞ்சத்தனம் இல்லை, இந்த இரண்டும் இருந்தால் மின்னஞ்சல் தாமதத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வேகமாக உச்சி தொட்டுப் படம் எடுத்துவிட்டு இறங்க நினைப்பவர்களுக்கு இந்தக் கிளப் ஒத்துவராது, நிறுத்தி நிறுத்தித்தான் போவார்கள். தனியாகப் பனிக்குள் போகப் பயப்படுபவர்கள், ஊருக்குப் புதிதாக வந்து நட்பு தேடுபவர்கள், நடந்த பாதைக்குத் திருப்பி ஏதாவது செய்ய நினைப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

உங்கள் பக்கத்துக் கிளப்பில் சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: திரும்பும் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள், கடைசி ஆள் யார், போன குளிர்காலத்தில் எந்தப் பாதையைச் சீர்செய்தார்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கிளப் பாருங்கள். நேராகப் பதில் சொன்னார்கள் என்றால் நடைக்குக் காத்திருக்காமல் முதலில் பராமரிப்பு நாளுக்கே பெயர் கொடுங்கள், அங்கே இடம் எப்போதும் காலியாக இருக்கும். போகும்போது தடித்த கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், முதல் ஜோடி அரைமணி நேரத்தில் நனைந்துவிடும்.